சுவருக்கு அந்தப் பக்கம் போகிற வயர்லெஸ்

"எவ்வளவு தூரம் போகவேணும் அங்கிள்?"

கடைக்காரர் சிங்களவர். ஆனால் கொழும்பு காலி வீதியில் கடை வைத்திருக்கிறவர்களுக்கு வருகிற அளவு தமிழ் அவருக்கும் வரும். பேஸ் கிற்றாருக்கு வயர்லெஸ் வாங்க வருகிற எல்லாரிடமும் அவர் கேட்கிற கேள்வி இது. நியாயமான கேள்விதான். மேடை பெரிதா, கீழே இறங்கி ஆட்களுக்குள் நடப்பீர்களா, அல்லது வயர் காலில் தடக்காமல் இருந்தால் போதுமா என்று அறியக் கேட்கிறார்.

"தூரம் பெரிசா இல்லை. ஆனா இடையில ஒரு சுவர் வரும். சில இடத்தில ரெண்டு சுவர்" என்றேன்.

"சுவரா? வாசிக்கிற ஆளுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில எதுக்கு அங்கிள் சுவர்?"

என்னத்தைச் சொல்ல? கக்கூசுக்குள் நின்று வாசிக்கவேண்டும் ஐயா, அதுதான் விஷயம் என்று சொல்ல முடியுமா? காது மடல் வரைக்கும் சூடேறியது. "ஆடுற ஆக்களுக்குள்ள இறங்கி நடந்து வாசிக்கிற ஒரு ஐற்றம் செய்யப்போறம். அப்பிடியே வாசல் வரைக்கும் போய் வரவேணும்" என்று ஒரு பொய்யை அவிழ்த்துவிட்டேன். மனுசன் சந்தோசப்பட்டார். இந்த வயதிலும் அங்கிளுக்கு எவ்வளவு உற்சாகம் என்று பக்கத்தில் நின்ற வாடிக்கையாளரிடம் வேறு சொன்னார். மானம் கப்பலேறுகிற நேரத்தில் பாராட்டு.

எனக்குச் சீனி வருத்தம். பல வருஷமாக இருக்கிறது. அதோடு ஆண்களுக்கு ஐம்பது தாண்டினால் வருகிற மற்றதும் சேர்ந்துகொண்டது. டொக்டர் அதன் பெயரைச் சொன்னபோது மனைவி பக்கத்தில் இருந்தாள், நான் சுவரில் தொங்கிய கலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மருந்து எடுக்கிறேன், குறையவில்லை. சுருக்கமாகச் சொன்னால், சலம் முட்டினால் முட்டியதுதான். அரை மணித்தியாலத்துக்கு மேல் அடக்கிப் பிடிக்க என்னால் ஏலாது.

கந்தோரில் இது ஒரு பிரச்சினையே இல்லை. கோட்டையில் ஒரு கப்பல் ஏஜென்சியில் கணக்குப் பார்க்கிறவன் நான். எழும்பிப் போய் வந்தால் கேட்க ஆளில்லை. பிரச்சினை சனி ஞாயிறுகளில். கந்தோரில் எனக்கு முன் மேசையில் இருக்கிறவன் கொட்டாஞ்சேனைக்காரன், கத்தோலிக்கன், கலியாண வீடுகளுக்கு வாசிக்கிற ஒரு பேண்டின் பாடகன். பள்ளிக்கூடக் காலத்தில் பேஸ் வாசித்தவன் என்று ஒரு நாள் தேத்தண்ணி குடிக்கும்போது வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு அவன் என்னை விடவில்லை. அவன் பாடுவான். அவன் மனைவி கீபோர்ட், அவர்களுடைய கோயிலில் ஞாயிறு பூசைக்கு ஓர்கன் வாசிக்கிறவள். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற ஒருவர் ட்ரம்ஸ். நான் பேஸ். நாலே பேர்.

கொழும்பில் கலியாணம் எந்தச் சமயத்துக்காரருடையதாக இருந்தாலும், பேண்ட் பிடித்தார்கள் என்றால் கடைசியில் எல்லாரும் எழும்பி ஆடுகிற பைலாப் பாட்டு வரவேண்டும். அதை நொன்-ஸ்டொப் என்பார்கள். ஒரு பாட்டு முடிகிற இடத்திலேயே அடுத்த பாட்டு பிடிக்கவேண்டும், நடுவில் வெட்டு இருக்கக்கூடாது. ஒரு மூச்சு விட்டுப் பாருங்கள், அங்கிள்மார் மேசைக்குப் போய்விடுவார்கள், அன்ரிமார் கைப்பையைத் தேடத் தொடங்குவார்கள், பிறகு ஒருவரையும் இழுத்து வர ஏலாது. பாடகன் தண்ணீர் குடிக்கலாம், அந்த நேரம் கீபோர்ட் ஓடும். ட்ரம்சும் பேஸும் மட்டும் நிற்கக்கூடாது. ஆடுகிறவனின் கால் கேட்பது அவை இரண்டையும்தான். எங்கள் நொன்-ஸ்டொப் முக்கால் மணித்தியாலம். என்னுடைய கொள்ளளவு அரை மணித்தியாலம். மிச்சம் இருக்கிற கால் மணித்தியாலம்தான் என் வாழ்க்கையை நாறடித்தது.

அவனிடம் சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். சொல்லலாம். சொன்னால் என்ன நடக்கும் என்பதும் எனக்குத் தெரியும். கொழும்பில் எத்தனையோ பேண்டுகள் பேஸ்காரனைக் கழற்றிவிட்டன. பென் டிரைவில் பேஸைப் போட்டு ஓட்டுகிறார்கள், பேண்ட் போகிற வேனில் ஒரு ஆளின் இடம் மிச்சம். என் நண்பன் மட்டும்தான் கலியாண வீட்டாரிடம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "எங்க பேண்டில பேஸ் மனுசன்தான் வாசிக்கிறான்" என்று சொல்லுவான். அந்த மனுசனுக்கு மூத்திரம் அடக்க முடியாது என்று தெரிந்தால்? பாவம் மச்சான், நீ ரெஸ்ட் எடு என்பான். அன்பாகத்தான் சொல்லுவான். அதோடு என் கதை முடிந்தது.

எனக்கு அந்தப் பேண்ட் வேண்டும். இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். பிள்ளைகள் இரண்டும் வெளிநாட்டில். கந்தோரில் நான் ஒரு கிழமை போகாவிட்டாலும் கப்பல்கள் வந்து போகும். வெள்ளவத்தையில் எங்கள் பிளாட்டில் என் பெயர் "நாலாம் மாடி அங்கிள்". இந்த உலகத்தில் நான் கையை எடுத்தால் நின்றுபோகிற ஒரே ஒரு சாமான் அந்த பேஸ்தான். அதைக் கழிப்பறைக்குப் பறிகொடுக்க நான் தயாராக இல்லை.

முதல் விபத்து தெஹிவளையில் நடந்தது. மத்தியானச் சாப்பாட்டோடு ஒரு கலியாணம். நொன்-ஸ்டொப்பின் கடைசிப் பாட்டுக்குக் கொஞ்சம் முன்பு எனக்கு முட்டியது. பல்லைக் கடித்தேன். முழங்காலை முழங்காலோடு சேர்த்து வைத்துக்கொண்டு வாசித்தேன். எனக்கு முன்னால் ஒரு அன்ரி இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு ஆடுகிறார், "அடி அடி" என்று என்னைப் பார்த்துக் கத்துகிறார். அடித்துக்கொண்டேதான் இருந்தேன். அடித்துக்கொண்டே, ஐயோ, சூடாக ஒன்று தொடை வழியே இறங்கியது. கறுப்புக் களிசான், கிற்றார் மறைத்தது, ஒருவருக்கும் தெரியவில்லை. கடைசி அடி விழுந்ததும் என் ஸ்பீக்கர் பெட்டியான அம்புக்கு மேல் இருந்த ஜிஞ்சர் பியர் கிளாசை எடுத்து மடியில் கொட்டினேன். தவறி விழுந்த மாதிரித்தான் செய்தேன். எல்லாரும் சிரித்தார்கள். "மச்சானுக்கு இன்னைக்கு ஆட்டம் கூடிப்போச்சு!" என்று நண்பன் மைக்கிலேயே சொன்னான். அவன் மனைவி ஒரு கட்டு டிஷ்யூவைக் கொண்டு வந்து அம்புக்கு மேல் வைத்துவிட்டு, வயர்களைச் சுற்றப் போனாள்.

வீட்டில் களிசானைத் தோய்க்கப் போட்டபோது மனைவி அதை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோகவில்லை. தேவைப்படவில்லை.

"இஞ்சேருங்கோ" என்றாள். "ஃபார்மசியில பெரியாக்களுக்கும் விக்கிறாங்கள்."

"என்னத்தை?"

"குழந்தையளுக்குக் கட்டுறது."

"உனக்கென்ன விசரே?"

"எனக்கொண்டும் இல்லை. தோய்க்கிறது நான்தானே, அதுதான் சொன்னன். உள்ளுக்குப் போட்டா ஆருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியுமே!" என்று கத்தினேன். சமையலறை யன்னல் திறந்திருந்தது, பக்கத்துப் பிளாட்டுக்கும் கேட்டிருக்கும். எதைப் பற்றிக் கத்தினேன் என்று அவர்களுக்குத் தெரியாது என்பது ஒன்றுதான் ஆறுதல்.

அன்றைக்கே முடிவெடுத்தேன். வயர் இருக்கிறபடியால்தானே கட்டின ஆடு மாதிரி மேடையில் நிற்கிறேன்? வயர் இல்லாவிட்டால் வாசித்துக்கொண்டே மெல்ல இறங்கி, வாசித்துக்கொண்டே பக்கக் கதவால் போய், வாசித்துக்கொண்டே காரியத்தை முடித்துக்கொண்டு வரலாம். பேஸ் ஒரு கணம்கூட நிற்காது. நிற்காவிட்டால் நான் போனதே ஒருவருக்கும் தெரியாது. யோசித்துப் பார்த்தால் பைத்தியக்காரத்தனம். ஆனால் அந்த நேரத்தில் அதைவிடப் புத்தியான யோசனை உலகத்தில் இல்லை என்றே தோன்றியது.

கடைக்காரர் இரண்டு சாமான்களை எடுத்து மேசையில் வைத்தார். ஒன்று கட்டைவிரல் அளவு. வயர் குத்துகிற ஓட்டைக்குள் அப்படியே செருகவேண்டியது, போனுக்குப் போல சார்ஜ் போடலாம். பார்க்க நல்ல வடிவு. "இது வைஃபை ஓடுற அதே அலையில ஓடுது அங்கிள். மேடையில நின்னா சூப்பர்" என்றார். மற்றது பழைய பாணி. இடுப்பில் கொழுவுகிற ஒரு பெட்டி, அதற்கு இரண்டு பற்றரி. அம்புக்குப் பக்கத்தில் வைக்கிற ரிசீவருக்கு மாட்டுக் கொம்பு மாதிரி இரண்டு ஏரியல். சிக்னல் கிடைத்தால் பச்சை லைற், விட்டால் சிவப்பு. "இது சுவருக்கும் போகும். ஆனா ஆள் கூடினா கொஞ்சம் குறையும் அங்கிள், மனுச உடம்பு தண்ணிதானே" என்றார். தண்ணியைப் பற்றி என்னிடமா சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

கிற்றார்த் தந்தி வாங்குவதற்குப் பல காலமாக நான் போகிற கடை. என் அடையாள அட்டையை வாங்கி வைத்துக்கொண்டு இரண்டையும் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பார்க்க விட்டார்.

பரிசோதனை எங்கள் பாத்ரூமில். அம்பையும் ரிசீவரையும் ஹோலில் வைத்தேன். மனைவியை ஒரு கதிரையில் இருத்தி, லைற்றைப் பார்த்துக்கொண்டிருக்கச் சொன்னேன். கிற்றாரைத் தோளில் போட்டுக்கொண்டு பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்தினேன்.

"இப்ப கேக்குதே?"

"இல்லை. அது செத்துப்போச்சு."

சின்னது கதவடியிலேயே உயிரை விட்டது. எங்கள் கட்டடத்தில் ஒவ்வொரு வீட்டிலும் வைஃபை, அவ்வளவுக்குள் அது பாவம் என்ன செய்யும். பெட்டியை இடுப்பில் கொழுவிக்கொண்டு மறுபடி உள்ளே போனேன்.

"இப்ப?"

"ஓம், கேக்குது. பச்சைதான்." கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா சத்தம் வழமை மாதிரி இல்லை. மெலிஞ்சு கிடக்கு" என்றாள்.

அவள் சொன்னது சரி. ஆகத் தடித்த தந்தி, நெஞ்சுக்குள் வந்து இடிக்கவேண்டியது, காய்ச்சல்காரன் பேசுகிற மாதிரி வந்தது. கட்டைவிரல் சாமானை ஹோலில் வைத்துப் பார்த்தபோது அந்தத் தந்தி அருமையாகக் கேட்டது. உண்மையான பேஸ்காரன் ஒருவன் எதை எடுத்திருப்பான் என்று எனக்குத் தெரியும். நான் சத்தத்தை விட்டுக்கொடுத்துச் சுவரை வாங்கினேன். கடையில் காசைக் கொடுக்கும்போது கடைக்காரரின் முகத்தைப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு ஒத்திகை. வாசிக்க இரண்டு கை வேண்டும், மற்ற வேலைக்கும் குறைந்தது ஒரு கை வேண்டும். நல்ல காலத்துக்கு, இடது கை விரலால் தந்தியை ஓங்கித் தட்டினாலே சத்தம் வரும். பைலாவுக்கு பேஸ் பெரிய வித்தையும் இல்லை, இரண்டு மூன்று சுரம்தான், ஆனால் விடாமல் ஓடவேண்டும். பின்னேரங்களில் கந்தோரால் வந்ததும் பாத்ரூமுக்குள் நின்று, இடது கையால் தட்டிக்கொண்டு, வலது கையால் களிசான் சிப்பைத் திறந்து மூடிப் பழகினேன். ஐம்பத்தெட்டு வயது மனுசன். கண்ணாடியில் ஒரு தரம் என்னைப் பார்த்துவிட்டேன், பிறகு அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

எங்கள் கட்டடத்தில் எல்லாப் பாத்ரூம் யன்னலும் ஒரே காற்றுக் குழிக்குள்தான் திறக்கும். ஒரு வீட்டில் தும்மினால் ஆறு வீட்டுக்குக் கேட்கும். மேல் மாடி அன்ரி லிஃப்டுக்குள் வைத்து மனைவியைப் பிடித்திருக்கிறார்.

"பிள்ளை, உங்கட பாத்ரூமுக்குள்ள பைப் ஏதும் இடிக்குதே? பின்னேரத்தில டும் டும் எண்டு கேக்குது. பிளம்பரைக் கூப்பிடுங்கோவன்."

"ஓம் அன்ரி, பழைய பைப். டொக்டரிட்டயே காட்டியாச்சு, சரிவரேல்லை" என்று சொல்லியிருக்கிறாள் என் பெண்சாதி. எனக்கு வந்து சொல்லிவிட்டு, கதிரையில் விழுந்து விழுந்து சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. பிறகு சிரித்தேன். அவள் தோய்க்கிற ஆள், அவளுக்கு அந்த உரிமை உண்டு.

கொட்டாஞ்சேனையில் ஒரு கோயில் மண்டபத்தில் கலியாணம் வந்தது. காலையில் பூசை, மத்தியானம் விருந்து, அதற்குப் பிறகு நாங்கள். வயர்லெஸ்ஸைக் கண்டதும் நண்பனுக்குத் தலைகால் புரியவில்லை.

"மச்சான், சொல்லவே இல்லியே! இனி நீ மேடையில நிக்கவே கூடாது. ஆடுறவங்களுக்குள்ள போ, சுத்தி வா. நான் அனவுன்ஸ் பண்றேன்."

"அதுக்குத்தான் வாங்கினனான்" என்றேன். ஒரே பொய் இரண்டாவது ஆளிடமும் செலவாகிவிட்டது.

மண்டபம் நீளமானது. மேடை ஒரு தொங்கலில், பாத்ரூம் மறு தொங்கலில், சாப்பாட்டு மேசைகளுக்குப் பின்னால் இருக்கிற கதவால் வெளியே போய், சட்டிபானை அடுக்கிய ஒரு நடையைத் தாண்டி. ஆட்கள் வருவதற்கு முன் போய்ப் பார்த்தேன். உள்ளே நின்று இரண்டு தட்டுத் தட்டினேன், வெறும் மண்டபத்தில் என் பேஸ் கிண்ணென்று கேட்டது. அப்பாடா என்று இருந்தது.

நொன்-ஸ்டொப் தொடங்கியது. இரண்டாவது பாட்டில் நண்பன் மைக்கில் சத்தம் போட்டான். "எங்க பேஸ்காரர் இன்னைக்கு உங்ககிட்டயே வர்றாரு! இடம் விடுங்க!" நான் இறங்கினேன். கலியாணப் பொம்பிளையின் மாமனோ சித்தப்பனோ, கழுத்துப்பட்டி கழன்ற ஒருவர், என்னைச் சுற்றிச் சுற்றி ஆடினார். ஆரோ என் கன்னத்தில் கேக் பூசினார்கள். அந்தக் கொஞ்ச நேரம் நான் சந்தோசமாக இருந்தேன். அதையும் மறைக்கத் தேவையில்லை. வயர் இல்லாமல், ஆடுகிறவர்களின் வியர்வைக்கு நடுவில், அவர்களுடைய கால்கள் என் விரலுக்கு எழும்புவதையும் விழுவதையும் கிட்ட நின்று பார்ப்பது இதுதான் முதல் தடவை. இதற்காகவே வாங்கியிருக்கலாமே என்று தோன்றியது.

பிறகு முட்டியது.

வாசித்துக்கொண்டே மேசைப் பக்கம் ஒதுங்கினேன். வாசித்துக்கொண்டே முதுகால் கதவைத் தள்ளினேன். நடையில் கோப்பை கழுவிக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். கன்னத்தில் கேக்கோடு ஒரு கிழவன் பேஸ் வாசித்துக்கொண்டு கக்கூசுக்குப் போகிறான். நான் அவர்களைப் பார்த்துத் தலையை ஆட்டினேன், ஒரு முசுப்பாத்தி மாதிரி. அவர்கள் சிரிக்கவில்லை.

உள்ளே போய்க் கதவைப் பூட்டினேன். கிற்றாரின் கழுத்து ஓட்டுச் சுவரில் இடித்தது. கொஞ்சம் சரிந்து நின்றேன். இடது கை தட்டுகிறது, வலது கை தன் வேலையைப் பார்க்கிறது. சுவருக்கு அப்பால் பேஸ் ஓடுகிறது. ஓடிக்கொண்டே இருக்கிறது! உடம்பு லேசாகிறது, கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. அடே, வென்றுவிட்டேன் என்று நினைத்தேன்.

நின்று காதுகொடுத்துக் கேட்டேன். நன்றாகத்தான் இருந்தது. ஒரு கையால் தட்டுகிறேன், ஆனால் அங்கே முழுசாக, உருண்டு திரண்டு கேட்கிறது. மெலிந்து கிடக்கு என்று சொன்னவள் வந்து கேட்கவேண்டும் என்று நினைத்தேன். பாட்டு மாறுகிற இடத்தில் கீழிருந்து மேலே ஏறிப் போகிற ஒரு சின்ன ஓட்டம் வந்தது, அவ்வளவு அழகு. அப்படி ஒன்றை நான் போட்டேனா? பழகின கை, தானாகப் போட்டிருக்கும். இந்த வயதிலும், இந்த நிலைமையிலும், உனக்கு இப்படி ஒரு கை இருக்கிறதே என்று என்னையே நான் மெச்சிக்கொண்டேன்.

சிப் மாட்டிக்கொண்டது. சேர்ட்டின் நுனி அதற்குள் போய்விட்டது. ஒரு கையால் இழுத்தேன், வரவில்லை. சனியன். சரி, இரண்டு அடி பேஸ் இல்லாவிட்டால் கலியாணம் குழம்பிவிடாது, ட்ரம்ஸ் இருக்கிறதுதானே என்று, இடது கையையும் தந்தியிலிருந்து எடுத்தேன்.

பேஸ் நிற்கவில்லை.

இரண்டு கையும் சிப்பில் இருக்கிறது. சுவருக்கு அப்பால் பேஸ் ஓடுகிறது. எனக்கு முதலில் விளங்கவில்லை, அது ஏதோ எதிரொலி என்றுகூட நினைத்தேன். பிறகு வேண்டுமென்றே தந்தியை ஒரு பிழையான சுரத்தில் ஓங்கித் தட்டினேன். அங்கே ஒரு பிழையும் கேட்கவில்லை. சரியான சுரம், சரியான இடத்தில், ஆட்களின் கால் சத்தத்தோடு. இன்னொரு தரம் தட்டினேன். இந்தச் சின்ன அறைக்குள் என் தந்தி டப் டப் என்று மொட்டையாக அடிப்பது மட்டும் எனக்குக் கேட்டது. மண்டபம் நிறைய மனுசர், சிக்னல் அவர்களைத் தாண்டவில்லை. எப்போது விட்டதோ தெரியாது. நான் மெச்சிக்கொண்ட அந்த ஓட்டம் என்னுடையது அல்ல.

யாருடையது என்று யோசிக்கத் தேவையிருக்கவில்லை. கோயிலில் ஓர்கன் வாசிக்கிறவளுக்கு பேஸ் புதிதா? ஒவ்வொரு ஞாயிறும் இடது கையால் அவள் செய்வது அதுதான். அவள் அதை என்னைவிட நன்றாகச் செய்கிறாள் என்பது எனக்கு ஒரு பாத்ரூமுக்குள் நின்றுதான் தெரியவேண்டியிருந்தது.

தெஹிவளையில் நனைந்துபோய் நின்றபோது வந்த வெட்கம் எனக்குத் தெரிந்த வெட்கம். அது தோய்த்தால் போகும். இது அப்படி இல்லை. நிலத்தைப் பார்த்துக்கொண்டு, கிற்றாரை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றேன். வெளியே சனம் கூவுகிறது. நான் இல்லாத பாட்டுக்கு ஆடிக் கூவுகிறது. அந்த அறையிலேயே இருந்துவிட்டு, எல்லாரும் போனபின் பஸ் ஏறி வீட்டுக்குப் போய்விடலாமா என்று உண்மையாகவே யோசித்தேன்.

ஆரோ வெளியிலிருந்து கதவைத் தட்டினார்கள். அவசரம் அவருக்கும் இருக்கும்தானே. திறந்துகொண்டு வந்தேன்.

நடையிலிருந்து மண்டபத்துக்குள் வந்தபோது ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் மட்டும் கண்டாள். கண்டதும் கையை எடுத்துவிடவில்லை. நான் ஆட்களை விலக்கிக்கொண்டு மேடைக்குக் கிட்ட வரும் வரைக்கும், ரிசீவரில் சிவப்பு போய்ப் பச்சை வரும் வரைக்கும் பொறுத்தாள். பாட்டு மாறுகிற இடத்தில் என்னைப் பார்த்துத் தலையை லேசாக அசைத்துவிட்டு, இடது கையைத் தூக்கி மடியில் வைத்தாள். நான் பிடித்துக்கொண்டேன். ஒரு அடிகூடத் தவறவில்லை. ஆடினவர்களுக்கு ஒன்றும் தெரியாது. நண்பன் வழமை போலப் பாடினான். நான் மேடையில் ஏறி, ட்ரம்சுக்குப் பின்னால் ஒதுங்கி நின்று, மிச்சத்தை வாசித்து முடித்தேன்.

முடிந்து, ஆட்கள் கலைந்து, சாமான் கட்டுகிற நேரம். வெயில் இன்னும் வாசலில் இருந்தது. நண்பன் பொம்பிளை வீட்டாரோடு கதைத்துக்கொண்டு நின்றான். அவள் கீபோர்ட்டை உறைக்குள் போட்டுவிட்டு என் பக்கம் வந்தாள். நான் ரிசீவரின் ஏரியலை மடித்துக்கொண்டிருந்தேன். மடிக்கவேண்டியது ஒன்றும் இருக்கவில்லை, சும்மா மடித்துக்கொண்டிருந்தேன்.

"எப்ப விட்டது?" என்று கேட்டேன். முகத்தைப் பார்க்கவில்லை.

"நீங்க கதவால போனதுமே விட்டுச்சு அண்ணே."

"ஓ."

"யாருக்கும் தெரியல. நான் புடிச்சுகிட்டேன்."

நன்றி சொல்லவேண்டும். ஏரியலை இன்னொரு தரம் மடித்தேன். அவள் கொஞ்சம் கிட்ட வந்து, மற்றவர்களுக்குக் கேட்காதபடி சத்தத்தைக் குறைத்தாள்.

"அண்ணே, நான் ஒண்ணு சொன்னா கோவிக்க மாட்டீங்களே? அவருக்கும் தெரியும், தெஹிவள கலியாணத்துக்கு அப்பறமே நாங்க ரெண்டு பேரும் கதச்சோம். அடுத்த தடவ கிற்றார கழட்டி வச்சிட்டே போங்க. அவ்வளவு பாரத்த தூக்கிகிட்டு எதுக்கு?"

"ஓம்" என்றேன்.